கடைசி அஞ்சு இலக்கத்தைத் தொலைச்சுட்டீங்க சார்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்க பேப்பரோட சிறுவர் இணைப்புல செஸ் பத்தி முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, படம் லேஅவுட் எல்லாம் நல்லாவே இருந்துச்சு, கூடவே வழக்கமான அந்த அரிசிக் கதையும் இருந்துச்சு. செஸ் கண்டுபிடிச்சவரைப் பாத்து ராஜா என்ன வேணும்னு கேக்குறாரு, அவரு முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, ரெண்டாவதுக்கு ரெண்டு, மூணாவதுக்கு நாலு, இப்படி டபுள் டபுளா 64 கட்டத்துக்கும் குடுங்க போதும்ங்கறாரு, ராஜா இவ்ளோதானான்னு சிரிச்சுட்டு அப்புறம் களஞ்சியத்தைத் திறந்து முழிக்கிறாரு. இந்தக் கதையை 13-ஆம் நூற்றாண்டுலயே அரபுல இப்னு கல்லிக்கான் எழுதி வச்சிருக்காரு, அதுல செஸ் கண்டுபிடிச்சவர் பேரு சிஸ்ஸா. கேரளாவுல அம்பலப்புழை கோயில் பால்பாயசத்துக்கும் இதே கதையைத்தான் சொல்றாங்க, அங்க சாமியார் வேஷத்துல வந்து விளையாடுறது கிருஷ்ணரே. கதையில ஒரு குறையும் இல்ல சார். கடைசி வரியில மொத்த அரிசி 18446744073709600000 அப்படின்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

சரியான எண் 18446744073709551615, அதாவது 2 பவர் 64-ல ஒண்ணு கழிச்சது. நம்ம ஊர் முறையில கமா போட்டா 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுப் படிக்கணும்னா 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95 லட்சத்து 51 ஆயிரத்து 615. தயவுசெஞ்சு இதை அடுத்த இணைப்புல ஒரு சின்னக் கட்டத்துக்குள்ளயாவது போடுங்க, பசங்க அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டுல ஒட்டிக்குவாங்க.

தப்பு எங்க இருந்து வந்திருக்கும்னு அந்த எண்ணைப் பாத்தாலே தெரியுது. ஸ்ப்ரெட்ஷீட்ல 2 பவர் 64 னு அடிச்சிருப்பாங்க, அது 15 இலக்கம் வரைக்கும்தான் ஒழுங்கா காட்டும், அதுக்கு மேல இருக்குறதை ரவுண்டு பண்ணிட்டு சைபரைப் போட்டு நிரப்பிடும். 184467440737095 வரைக்கும் வந்து அடுத்த இலக்கம் 5 ங்கறதால ஒண்ணை ஏத்தி கடைசியை 6 ஆக்கிட்டு மிச்சம் அஞ்சு இடத்துலயும் முட்டை. அப்படியே காப்பி பண்ணி பேஜ்ல ஒட்டிட்டாங்க. நெட்ல வர்ற பாதி கட்டுரையில இப்படித்தான் இருக்கு, அதனால உங்க ஆளுங்களை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

சரி, எவ்ளோ வித்தியாசம்னு பாத்தா 48,385 அரிசி அதிகமா போட்டிருக்கீங்க. ஒரு அரிசி சுமார் 25 மில்லிகிராம்னு வச்சுக்கிட்டா கிலோவுக்கு 40,000 அரிசி, ஆக நீங்க கூட்டிக் குடுத்தது ஏறக்குறைய ஒரு கிலோ 200 கிராம். மொத்த அரிசி எவ்ளோன்னா அதே கணக்குல சுமார் 46,000 கோடி டன், உலகம் பூரா இப்ப ஒரு வருஷத்துக்கு விளையுற அரிசி 50 கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேல, அதாவது இந்த வேகத்துல விளைஞ்சா எட்டு ஒம்போது நூறு வருஷம் யாரும் ஒரு பருக்கை திங்காம அப்படியே எடுத்து வைக்கணும். அதுல ஒண்ணேகால் கிலோ கூட இல்லாத பிழைக்கு ஒருத்தன் லெட்டர் எழுதுறானான்னு நீங்க நினைக்கலாம். அரிசி வியாபாரத்துல இது பிழையே இல்ல சார். ஆனா கணக்குல இது வேற எண். ஒருத்தர் போன் நம்பர்ல கடைசி அஞ்சு இலக்கத்துக்கும் சைபர் போட்டுக் குடுத்தா, பெரிய இலக்கமெல்லாம் சரியாத்தானே இருக்குன்னு சொல்ல முடியுமா? இந்த எண்ணோட சிறப்பு அத்தனையும் அது எதால வகுபடும் எதால வகுபடாதுங்கறதுலதான் இருக்கு, கடைசி இலக்கத்துல கை வச்சா மொத்தமும் போச்சு.

முதல்ல, நீங்க போட்டது இரட்டைப்படை எண். முதல் கட்டத்துல ஒரே ஒரு அரிசி, மிச்சம் 63 கட்டத்துலயும் 2, 4, 8, 16 னு எல்லாம் இரட்டைப்படை, அப்ப கூட்டினா ஒத்தைப்படையாத்தானே வரணும். இதைச் சொல்ல கால்குலேட்டர் வேணாம், நாலாங்கிளாஸ் புள்ளை போதும். அப்புறம் 2, 4, 8, 16, 32, 64 இதோட கடைசி இலக்கத்தைப் பாருங்க, 2, 4, 8, 6 திரும்ப 2, 4, 8, 6 னு சுத்திக்கிட்டே இருக்கும், 64 ங்கறது 4-ஆல வகுபடுறதால 2 பவர் 64 கண்டிப்பா 6-ல முடியும், அதுல ஒண்ணு கழிச்சா 5. அதுக்கும் மேல இலக்கத்தையெல்லாம் கூட்டிப் பாருங்க, சரியான எண்ணுக்கு 87 வருது, 3-ஆல வகுபடுது. உங்க எண்ணுக்கு 70 வருது, வகுபடல. ஏன் 3-ஆல வகுபட்டே ஆகணும்? ஏன்னா கட்டத்தை ஜோடி ஜோடியா எடுங்க, 1+2 மூணு, 4+8 பன்னெண்டு, 16+32 நாப்பத்தெட்டு, ஒவ்வொரு ஜோடியும் மூணோட மடங்கு, 32 ஜோடி இருக்கு, ஒண்ணும் மிச்சமில்ல.

இந்த ஜோடி விஷயம்தான் மெயின் மேட்டர். செஸ் போர்டை வச்சுக்கிட்டே இந்த எண்ணை முழுசா காரணிப்படுத்திடலாம், பெரிய கம்ப்யூட்டர் எதுவும் வேணாம். பத்தாம் கிளாஸ் பசங்களுக்கு சாயங்காலம் கணக்கு சொல்லிக் குடுக்குறவன் நான், போர்டுல வரைஞ்சு காட்டினா பத்து நிமிஷத்துல புடிச்சுக்குறாங்க. முதல் ஜோடியில 3. நாலு கட்டமா சேத்தா 1+2+4+8 பதினஞ்சு, அதாவது 3-ஐ 5-ஆல பெருக்கினது. ஒரு முழு வரிசை, எட்டு கட்டம், 255, அதாவது 15-ஐ 17-ஆல பெருக்கினது. ரெண்டு வரிசை 65,535, அது 255-ஐ 257-ஆல பெருக்கினது. நாலு வரிசை அதாவது பாதி போர்டு 4,29,49,67,295, அது 65,535-ஐ 65,537-ஆல பெருக்கினது. ஒவ்வொரு தடவையும் இடத்தை டபுள் ஆக்கும்போது, ரெண்டாவது பாதி முதல் பாதியோட அதே பேட்டர்ன்தான், ஆனா அத்தனை மடங்கு பெருசு, அதனாலதான் பழைய மொத்தத்தை அந்த மடங்கோட ஒண்ணு சேத்து பெருக்குனா போதும். கடைசி தடவை பாதி போர்டுல இருந்து முழு போர்டுக்குப் போகும்போது 4,29,49,67,297-ஆல பெருக்கணும். வேலை முடிஞ்சது.

இப்ப வந்த எண்களைப் பாருங்க: 3, 5, 17, 257, 65,537. அத்தனையும் பகா எண். ஃபிரான்ஸ்ல வக்கீல் படிப்பு படிச்சுட்டு துலூஸ் நகர நீதிமன்றத்துல கவுன்சிலர் வேலை பாத்துக்கிட்டு ஓய்வு நேரத்துல கணக்கு போட்ட ஃபெர்மா, 1640-கள்ல இதே வரிசையைப் பாத்துட்டு இது எவ்ளோ தூரம் போனாலும் பகா எண்ணாவே வரும்னு நம்பினாரு, நிரூபணம் கைக்கு வரலன்னும் அவரே எழுதியிருக்காரு. அவர் சரிபாத்தது இந்த அஞ்சும்தான், அடுத்தது 4,29,49,67,297, பத்து இலக்கம், அந்தக் காலத்துல அதைக் கையால சோதிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. 1729-ல கோல்ட்பாக்ங்கற கணக்கு மேதை ஒரு லெட்டர்ல இதை இன்னொரு கணக்கு மேதை ஆய்லருக்குக் கேள்வியா அனுப்புறாரு, ஆய்லர் அப்ப ரஷ்யாவுல பீட்டர்ஸ்பர்க்ல இருக்காரு, 1732-ல 25 வயசுல பதிலைக் கண்டுபிடிக்கிறாரு: 4,29,49,67,297 = 641 × 67,00,417. போச்சு, ஃபெர்மா சொன்னது பாதி போர்டு வரைக்கும்தான் செல்லுபடி. ஒரு பையன் கிளாஸ்ல, "சார், அந்த ஆளு 32 கட்டத்தோட நிறுத்திட்டு அரிசியை வாங்கிட்டுப் போயிருந்தா ஃபெர்மா ஜெயிச்சிருப்பாரு சார்" னு சொன்னான், இதைவிட நல்லா இந்த வரலாற்றை யாரும் எனக்குச் சொன்னதில்ல.

ஆய்லர் 641-ஐ எப்படிப் புடிச்சாருங்கறது தனி அழகு. சும்மா 3, 7, 11, 13 னு எல்லாத்தையும் போட்டுப் பாக்கல. இந்த எண்ணுக்குப் பகா காரணின்னு ஒண்ணு இருந்தா அது 64-ஓட ஏதோ மடங்குல ஒண்ணு கூட்டினதாத்தான் இருக்கணும்னு அவரு காட்டினாரு. அப்ப பாக்க வேண்டியது 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 இவ்ளோதான், இதுலயும் 65, 129, 321, 385, 513 எல்லாம் பகா எண்ணே கிடையாது, தள்ளிடலாம். மிச்சம் 193, 257, 449, 577, அஞ்சாவது 641, அதுல மாட்டிக்கிச்சு. பின்னாடி 1878 வாக்குல லூகாஸ்ங்கற இன்னொரு ஃபிரெஞ்சுக்காரர் 64 கூட வேணாம் 128-ஓட மடங்கே போதும்னு காட்டினாரு, அப்படிப் பாத்தா சோதிக்க வேண்டிய பகா எண்ணு 257, அதுக்கு அடுத்தது நேரா 641.

வகுத்துப் பாக்காமலே 641 வகுக்கும்னு காட்டுற ஒரு வழி இருக்கு, அதையும் எழுதிடறேன், ஏன்னா பத்தாம் கிளாஸ் மட்டு எண்கணிதம், அதாவது வகுத்து வர்ற மீதியை மட்டும் வச்சுப் போடுற கணக்கு, தெரிஞ்சாலே இது புரியும். 641 ங்கறது 5 × 128 + 1. இன்னொரு வகையில 641 ங்கறது 625 + 16. முதல் வரியில இருந்து, 641-ஆல வகுக்கும்போது 5 × 128 ங்கறது மைனஸ் 1 க்கு சமானம். 128 ங்கறது 2 பவர் 7. ரெண்டு பக்கத்தையும் பவர் 4 ஆக்குங்க, மைனஸ் போயிடும், 5 பவர் 4 × 2 பவர் 28 க்கு மீதி 1. இப்ப ரெண்டாவது வரியைப் பாருங்க, 5 பவர் 4 ங்கறது 625, அது மைனஸ் 16 க்கு சமானம், அதாவது மைனஸ் 2 பவர் 4. அதைத் தூக்கி அங்க போட்டா மைனஸ் 2 பவர் 32 க்கு மீதி 1, அப்ப 2 பவர் 32 கூட ஒண்ணு சேத்தா மீதி சைபர். முடிஞ்சுது. பேப்பர்ல நாலு வரி. 641 இப்படி ரெண்டு பக்கமும் பொருந்துற மாதிரி அமைஞ்சது இருக்கே, அதை எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு சலிக்கல.

ஆக அரிசி எண்ணோட முழு காரணி: 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 67,00,417. ஏழு பகா எண், ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவை, மொத்தம் 128 வகுத்திகள். உங்க ரவுண்டு எண்ணுல இதுல 5-ஐத் தவிர வேற என்ன மிஞ்சுமோ தெரிஞ்சவங்க சோதிச்சுப் பாக்கட்டும், 3 இல்லன்னு மேலயே பாத்துட்டோம்.

இந்த முதல் அஞ்சு பகா எண்ணுக்கு இன்னொரு மவுசு உண்டு. ஸ்கேல்ல அளவு குறிக்காம, வெறும் நேர்கோடு போடுற கட்டையும் காம்பஸும் மட்டும் வச்சு எந்த ஒழுங்குப் பலகோணம் வரையலாம்னு யூக்ளிட் காலத்துல இருந்து கேள்வி. மூணு பக்கம் வரையலாம், அஞ்சு பக்கம் வரையலாம், பதினஞ்சு வரையலாம், அதோட ரெண்டாயிரம் வருஷம் அப்படியே நின்னுச்சு. 1796-ல காஸ்ங்கற 18 வயசு ஜெர்மன்காரர் 17 பக்கமும் வரையலாம்னு காட்டுறாரு, அப்புறம் எதெல்லாம் வரையலாம்னு பொது விதியும் 1801 புத்தகத்துல வருது, வேற எதையும் வரைய முடியாதுங்கற பாதியை 1837-ல வான்ட்சல் நிரூபிச்சாரு. விதி என்னன்னா ஒத்தைப்படைப் பக்கம் உள்ள பலகோணத்துக்கு, பக்க எண்ணிக்கை ஃபெர்மா சொன்ன வகைப் பகா எண்களை ஒரு தடவைக்கு மேல எடுக்காம பெருக்கினதா இருக்கணும். தெரிஞ்ச ஃபெர்மா பகா எண் அஞ்சே அஞ்சுதான், அப்ப அந்த மாதிரி பலகோணம் 31 இருக்கு, அதுல பெருசு எது? பாதி போர்டு எண், 4,29,49,67,295 பக்கம்! முழு போர்டு அளவு பக்கம் உள்ள பலகோணத்தை வரைய முடியாது, காரணம் அந்த 641-ம் அதோட கூட்டாளியும்தான். ஹெர்மஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 65,537 பக்கத்துக்கு வழி எழுதுறேன்னு பத்து வருஷம் உக்காந்து 1894-ல முடிச்சு அந்தக் காகிதக் கட்டை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துல ஒப்படைச்சாரு, அதுக்கெல்லாம் தனி மனசு வேணும்.

மேல பக்கத்துப் பக்கத்துல இருக்குற ரெண்டு எண்ணைக் கூட்டிக் கீழ எழுதிக்கிட்டே போற பாஸ்கல் முக்கோணத்துலயும் இது வந்து நிக்குது, நம்ம பழைய ஆளுங்க மேரு பிரஸ்தாரம்னு சொன்னது அதைத்தான். ஒத்தைப்படையா இருக்குற இடத்துல 1, இரட்டைப்படையா இருக்குற இடத்துல 0 போட்டு ஒவ்வொரு வரியையும் பைனரி எண்ணா, அதாவது கம்ப்யூட்டர் எழுதுற மாதிரி 0, 1 மட்டும் வச்ச எண்ணாப் படிச்சா 1, 3, 5, 15, 17, 51, 85, 255 னு வரும், முதல் 1-ஐ விட்டா 32-ஆவது வரி வரைக்கும் வர்றது மேல சொன்ன அதே 31 பலகோணம். அப்படியே போயி 64-ஆவது வரியைப் படிச்சா 64 ஒண்ணு வரிசையா நிக்கும், பைனரியில அதுதான் நம்ம அரிசி எண். கம்ப்யூட்டர்ல 64 பிட்ல மைனஸ் இல்லாம எழுதக்கூடிய பெரிய எண்ணும் அதேதான், ஒரு கட்டத்துக்கு ஒரு பிட். அதனால ஒண்ணுல இருந்து இந்த எண் வரைக்கும் எத்தனை அரிசி கேட்டாலும் சில கட்டத்தை மட்டும் முழுசா அள்ளிக் குடுத்துடலாம், அதுவும் ஒரே ஒரு வழியிலதான் குடுக்க முடியும். நூறு அரிசி வேணும்னா 7-ஆவது, 6-ஆவது, 3-ஆவது கட்டம், 64+32+4. கணக்கு முடிஞ்சது.

31 கட்டத்தோட மொத்தம் 2,14,74,83,647. அது பகா எண்னு 1772-ல ஆய்லரே காட்டினாரு, திரும்ப அவரேதான். 2014-ல யூடியூப்ல ஒரு கொரியப் பாட்டு இந்த எண்ணைத் தாண்டிப் போனப்ப கவுண்டரை 64 பிட்டுக்கு மாத்தினதை எல்லாப் பேப்பர்லயும் போட்டாங்க. இப்ப அதோட எல்லை 63 கட்டத்தோட மொத்தம், பாட்டு அதைத் தொடுறதுக்குள்ள நாம யாரும் இருக்க மாட்டோம்.

சரி ஸ்ப்ரெட்ஷீட் இல்லாம இந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறது எப்படி? கட்டம் கட்டமா 64 தடவை டபுள் பண்ணி கூட்ட வேணாம். 1000-ஆவது வருஷத்தை ஒட்டி எழுதின புத்தகத்துலயே அல்பிரூனி இந்த செஸ் போர்டு கணக்கை எடுத்து, வர்க்கப்படுத்திக்கிட்டே போற வழியை விளக்கியிருக்காரு. 2-ஐ வர்க்கப்படுத்தினா 4, அதை வர்க்கப்படுத்தினா 16, அப்புறம் 256, அப்புறம் 65,536, அப்புறம் 4,29,49,67,296, அப்புறம் இன்னொரு தடவை. ஆறே பெருக்கல். கடைசிப் பெருக்கல்தான் கொஞ்சம் பெருசு, அதையும் அஞ்சஞ்சு இலக்கமா ரெண்டா வெட்டிக்கிட்டா சுலபம்: 42949 ஒரு பக்கம், 67296 ஒரு பக்கம். 42949-ஓட வர்க்கம் 1844616601. ரெண்டையும் பெருக்கி இரட்டிச்சா 5780591808. 67296-ஓட வர்க்கம் 4528751616. முதலாவதுக்குப் பின்னாடி பத்து சைபர், ரெண்டாவதுக்குப் பின்னாடி அஞ்சு சைபர் போட்டு மூணையும் கூட்டுங்க, 18446744073709551616 வரும், ஒண்ணைக் கழிச்சுக்கங்க. ஒரு பேஜ்ல முடியுற வேலை, அதுவும் ஏழாவது எட்டாவதுல படிக்கிற அந்த (a+b) ஹோல் ஸ்கொயர் ஃபார்முலாதான், வேற ஒண்ணும் இல்ல.

வாட்ஸ்அப்ல இதே எண்ணை வச்சு இன்னொரு கதை சுத்துது, காசியில ஒரு கோயில்ல 64 தங்கத் தட்டு இருக்கு, பூசாரிங்க சின்னத் தட்டு மேல பெரிய தட்டு வராம ஒவ்வொண்ணா ஒரு கம்பத்துல இருந்து இன்னொரு கம்பத்துக்கு மாத்திக்கிட்டே இருக்காங்க, முடிஞ்சா உலகம் அழிஞ்சிடும்னு. தட்டை மாத்த வேண்டிய தடவை 2 பவர் 64 மைனஸ் 1, அது உண்மை, நொடிக்கு ஒண்ணுன்னு மாத்தினாலும் 58,000 கோடி வருஷத்துக்கு மேல ஆகும், அதுவும் உண்மை. ஆனா கோயில் பொய். மேல சொன்ன அதே லூகாஸ் 1883-ல பாரிஸ்ல கொண்டு வந்த விளையாட்டுச் சாமானோட சேந்து கிளம்பின கதை அது. தயவுசெஞ்சு அதை ஆன்மீகப் பக்கத்துல போட்டுடாதீங்க.

இந்த எண்ணுக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் பாத்துடணும். அரிசி எண்ணோட ரெண்டு கூட்டினா 18446744073709551617, இதுதான் ஃபெர்மா வரிசையில அடுத்த ஆளு. 128 கட்டம் போர்டு இருந்தா இவரால பெருக்கணும். இவரும் பகா எண் இல்ல, 274177 × 67280421310721. இதை 1880-ல வெளியிட்டவர் லாந்ரிங்கற ஃபிரெஞ்சுக்காரர், அப்ப அவருக்கு எண்பது வயசு தாண்டியாச்சு, கால்குலேட்டர் எதுவும் இல்லாத காலம். அதுக்கப்புறம் எத்தனையோ ஃபெர்மா எண்ணைச் சோதிச்சாச்சு, சோதிச்சு முடிவு தெரிஞ்சதுல அந்த முதல் அஞ்சைத் தவிர ஒண்ணு கூட பகா எண்ணா வரல. சிலதுக்கு இது பகா எண் இல்லன்னு மட்டும் நிரூபிச்சாச்சு, ஒரு காரணி கூட கைக்குச் சிக்கல. ஆறாவது பகா எண் எங்கயாவது இருக்கான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இவ்ளோ விஷயம் ஒரே எண்ணுக்குள்ள இருக்கும்போது, நாம பசங்களுக்கு அதை "எவ்ளோ பெருசு பாரு" ன்னு வாயைப் பொளக்குறதுக்கு மட்டும் காட்டுறோம், பெருசா இருக்குறது அதோட ரொம்ப சாதாரணமான குணம், அதைவிடப் பெரிய எண் வேணும்னா ஒண்ணு கூட்டிக்கலாமே. பத்தாம் கிளாஸ் புஸ்தகத்துல "எண்களும் தொடர்வரிசைகளும்" பாடத்துல பெருக்குத் தொடரும் இருக்கு, மட்டு எண்கணிதமும் இருக்கு, ரெண்டும் ஒரே பாடத்துக்குள்ள தான் இருக்கு, ஆனா ரெண்டையும் சேத்து வச்சுக் கேக்குற கேள்வி எதுவும் பரிட்சைக்கு வர்றதில்லங்கறதால அதையும் இதையும் தனித்தனியா ஒப்பிச்சுட்டுப் போயிடறாங்க. உங்க மாதிரி பேப்பர் வாராவாரம் லட்சக்கணக்கான வீட்டுக்குப் போகுது, சிறுவர் பக்கத்துல ஆறு வித்தியாசம் போடுற இடத்துல மாசத்துக்கு ஒரு தடவை ஒரு எண்ணைப் போட்டு அதை நோண்டிப் பாக்கச் சொன்னா என்ன குறைஞ்சிடும்?

முதல் கேள்வி நானே தர்றேன், அப்படியே போடலாம். முதல் மூணு வரிசை அரிசியை மட்டும் எடுத்தா 1,67,77,215. அதை 7 பேருக்குச் சரிசமமா பிரிச்சுக் குடுத்துடலாம், ஒண்ணும் மிஞ்சாது. ஆனா முழு போர்டு அரிசியை 7 பேருக்குப் பிரிச்சா கடைசியில ஒரே ஒரு அரிசி மிஞ்சும். 20 இலக்க எண்ணை 7-ஆல வகுக்காம, ஏன் மிஞ்சுதுன்னும் எத்தனை வரிசை எடுத்தா மிஞ்சாதுன்னும் கண்டுபிடிக்கணும். க்ளூ: கட்டத்தை மூணு மூணா சேத்துப் பாருங்க. விடையை அடுத்த வாரம் போடுங்க, சரியா அனுப்புற பசங்க பேரையும் போடுங்க, பேப்பர்ல பேரு வந்தா அதுங்களுக்கு அதைவிட சந்தோஷம் வேற இல்ல.

இப்படிக்கு,
உங்க பேப்பரை ரொம்ப வருஷமா வாங்குற ஒரு கணக்கு டியூஷன் வாத்தியார்,
கும்பகோணம்